செவ்வாய்க்கிழமைத் தாள்

மார்ச் 12, ஞாயிறு

உனக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இந்த முதல் வரியிலேயே பத்து நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய பட்டப்பெயர் கைக்கு வர மறுக்கிறது. உன் தொலைபேசி எண்ணை நான்தான் அழித்தேன். இந்த மின்னஞ்சல் முகவரி என் மகளின், உன் மருமகளின், பள்ளி விண்ணப்பத்தில், 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்ற கட்டத்தில் இருந்தது. இப்போது அவசரம்தான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய், மார்ச் 7, மாலை ஷிப்ட்டில் சுத்திகரிப்பு நிலையத்தில் நான்தான் பொறுப்பு. அன்று ஆறரை மணி நேரம் ஊருக்குப் போன தண்ணீரில் குளோரின் இல்லை. மேலே மழை பெய்து ஆறு கலங்கி வந்த நாள் வேறு. வியாழக்கிழமையிலிருந்து வாந்தியும் பேதியுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மருத்துவமனையில். அதில் உன் மருமகளும் ஒருத்தி. இப்போது எழுந்து உட்கார்கிறாள், பயப்படாதே. உன் அண்ணன் அவளுடன் இருக்கிறார். ஆனால் நம் தெருமுனைத் தையல்காரரின் நான்கு மாதக் குழந்தை தீவிர சிகிச்சையில் கிடக்கிறது.

குளோரின் பம்பை நான் பூஜ்யத்தில் வைத்தேன், எச்சரிக்கை மணியையும் நான்தான் அமர்த்தினேன் என்கிறார்கள். என்னை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 24ஆம் தேதி விசாரணை. வேலை போவது ஒரு பக்கம். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் வழக்கு என்று பொறியாளர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

நான் பம்பைத் தொடவில்லை. அதை நடத்துவது ஆறு வருடம் முன்னால் நீ எழுதிக் கொடுத்த புரோகிராம். அதனால் கேட்கிறேன். உன் புரோகிராம் தானாகப் பூஜ்யம் ஆகுமா, ஆகாதா? ஒரு வரியில் பதில் போதும்.

அண்ணி

2023-03-13

அண்ணி,

மருமகள் எப்படி இருக்கிறாள் என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். மற்றது எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆகாது. அந்த நிரல் ஒரு கோப்பைத் திறந்து மூன்று எண்களைப் படிக்கிறது. தண்ணீரில் எவ்வளவு குளோரின் விடவேண்டும், மிச்சம் எவ்வளவு குறைந்தால் மணி அடிக்க வேண்டும், எவ்வளவு கூடினால் மணி அடிக்க வேண்டும். விட வேண்டியது புள்ளி எட்டு. மிச்சம் புள்ளி இரண்டுக்குக் கீழே போனால் மணி. ஆறு வருடத்தில் யாரும் அதை மாற்றியதில்லை. நேற்று இரவு என்னிடமுள்ள பிரதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அதில் பிழை இல்லை.

பம்புக்குப் பக்கத்தில் கையால் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கிறது. அதை யாராவது திருப்பினார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. நான் இங்கே வேலை செய்யும் நிறுவனத்தில், வெளியார் யாருக்கும் எந்த வேலையும் செய்துதரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த நாட்டில் நான் இருக்கும் அனுமதியே அந்த வேலையோடு கட்டப்பட்டது. அதனால் விசாரணையில் என் பெயரை எடுக்கவேண்டாம். ஊருக்குச் செய்து கொடுத்தது அப்போதே முடிந்துபோன கதை. விருந்தாளிகள் வந்த வீட்டின் சமையலறையில் கை வைக்கக்கூடாது அல்லவா?

மார்ச் 14, செவ்வாய்

நல்லது. ஒரு வரி கேட்டேன், ஒரு குத்தலும் சேர்த்துக் கிடைத்தது.

ஆமாம், சொன்னேன். என் மாமா, உன் அப்பா, இறந்துபோன மூன்றாம் நாள் நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், "விருந்தாளி வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்று சொன்னேன். பதினான்கு மாதம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகு துடைத்து, ஊட்டிவிட்ட கை அது. "அவ எப்ப வர்றா? அவ எப்ப வர்றா?" என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். உன்னைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. நீ மறுநாள் காலையே கிளம்பிப் போனாய். அத்தோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வா. குமிழை யாரும் தொடவில்லை. அதன் மேல் இருக்கும் கம்பி முத்திரை அறுபடவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் கணினி வழியாக நான் மாற்றினேன் என்கிறார்கள். எனக்கு அந்தக் கணினியில் திரையைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன தெரியும்?

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு ஷிப்ட் எடுத்தேன். எல்லாம் ஓடியது. மூன்றரை சுமாருக்குத் திரை உறைந்துபோய் நின்றது. பொறியாளருக்குப் போன் செய்தேன். "பாத்துக்கிறேன்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் திரை திரும்பி வந்துவிட்டது. அதற்குள் மூன்றாம் வடிகட்டியில் வால்வு பிய்த்துக்கொண்டு தண்ணீர் அடிக்க ஆரம்பித்தது. குழாய், வால்வு பழுது பார்க்கும் பிட்டர் அன்று விடுப்பு. நான் ஒருத்தியே வடிகட்டிக் குழிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் மாலை முழுக்க நின்றேன். பத்து மணிக்கு வழக்கம்போல ஷிப்ட் தாள் அச்சாகி வந்தது, கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்கு வந்தேன். பத்தேகாலுக்கு மின்சாரம் போய் வந்து, கணினி தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அதிலிருந்து குளோரின் சரியாகப் போகிறது.

அதுதான் என் கழுத்தைப் பிடிக்கிறது. நான் இருந்தவரை பூஜ்யம், நான் போனதும் சரி.

உன் மருமகள் இன்று இரண்டு பிஸ்கட் தின்றாள். தையல்காரரின் குழந்தை அப்படியே இருக்கிறது. அவர் தினமும் காலையில் நம் வீட்டுக்கு எதிரே வந்து நிற்கிறார். கத்துவதில்லை, திட்டுவதில்லை. கடையைத் திறக்கும் நேரம் வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறார். ஜன்னலைத் திறக்கவே பயமாக இருக்கிறது.

2023-03-15

அண்ணி,

ஒரு விஷயம் பொருந்தவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும், இல்லாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அதை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். அன்று நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று நான்கு முறை பார்த்திருக்கவேண்டும். நிறம் ஏறாதது உங்கள் கண்ணில் படவில்லையா? பதிவேட்டில் என்ன எழுதினீர்கள்?

அந்த ஷிப்ட் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். முழுத் தாளும் வேண்டும், மூலைகள் உட்பட.

மார்ச் 16, வியாழன்

போலீஸ்காரர் மாதிரிக் கேட்கிறாய். விசாரணைக் குழு கேட்பதற்கு முன்னால் உன்னிடம் ஒத்திகை பார்த்துக்கொள்ளச் சொல்கிறாயா? பார்த்தேன், எழுதினேன். பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. அதைப் பற்றி இன்னொரு தடவை கேட்காதே.

தாளின் நகலைப் படம் எடுத்து இதனுடன் இணைத்திருக்கிறேன். மூன்றே முக்கால் மணி வரிசையிலிருந்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். கோடு கோடாகப் பூஜ்யம். இதில்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஈரப் புடவையோடு, எங்கே போடவேண்டும் என்று மட்டும் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

மூலை மூலை என்று கேட்டாயே என்று இன்று உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. பூஜ்யத்துக்கு நடுவில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா மாதிரி இருக்கிறது. நகல் எடுத்ததில் மை இழுத்துவிட்டதோ என்று நினைத்தேன். எல்லா வரியிலும் இழுக்குமா? அப்புறம், மேலே வலது மூலையில் நம் எழுத்தில் 'செவ்வாய்' என்று வரும் அல்லவா? அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் வேறு என்னவோ இருக்கிறது. ஆங்கிலச் சொல்லும் இல்லை. வாயில் நுழையவில்லை. பிரிண்டர் கோளாறாக இருக்கும், பொறியாளரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? பூஜ்யத்துக்குப் பதில் சொல்லுங்க" என்று தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

உனக்கு ஏதாவது புரிகிறதா?

மார்ச் 19, ஞாயிறு

மூன்று நாள் ஆயிற்று. படம் வந்து சேர்ந்ததா இல்லையா என்றுகூடச் சொல்லமாட்டாயா?

நேற்று உன் மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "அத்தை எழுதினாங்களாம்மா?" என்று கேட்கிறாள். உனக்கு எழுதுவதை அவளிடமும் உன் அண்ணனிடமும் நான் சொல்லவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள்.

தையல்காரரின் குழந்தைக்கு நேற்று மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இன்று காலை அவர் வரவில்லை. அவர் நிற்கும்போது பயந்தேன். நிற்காதபோது ஜன்னலைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

மாமா விஷயத்தில் கை கழுவிவிட்டுப் போனாய். இதிலும் அப்படித்தான் என்றால் சொல்லிவிடு. காத்திருக்கமாட்டேன்.

2023-03-20

அண்ணி,

படம் பதினாறாம் தேதியே வந்துவிட்டது. திறந்த அந்த நொடியே புரிந்துவிட்டது. நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் விட்டால் எழுதவே மாட்டேன் என்று பயமாக இருக்கிறது.

அந்த மூலையில் இருக்கும் சொல் பிரிண்டர் கோளாறு இல்லை. அது செவ்வாய்க்கிழமைதான். நான் இருக்கும் நாட்டின் மொழியில். அதே சொல்லை என் அலுவலகச் சுவர்க் காலண்டரில் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

பூஜ்யம் ஆக்கியது நான்.

அன்று மூன்றரைக்கு நீங்கள் போன் செய்ததும் பொறியாளர் எனக்குச் செய்தி அனுப்பினார். அவர் இப்படிக் கூப்பிடுவது முதல் தடவை இல்லை. வெளியாள் உள்ளே நுழையக்கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நிமிட வேலைதானே என்று என் கணினியிலிருந்து உள்ளே போய், நின்றுபோன நிரலை மறுபடி தொடங்கிவிட்டு, "முடிந்தது" என்று பதில் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஓடுகிறதா என்று பார்த்தேன். என்ன எண்ணைப் படித்திருக்கிறது என்று பார்க்கவில்லை. முதல் கடிதத்தில் இதை உங்களிடம் மறைத்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நம்ப விரும்பினேன்.

எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன். விசாரணையில் நீங்கள் உங்கள் வாயால் சொல்லும்படி இருக்கவேண்டும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யூனிக்ஸ் என்ற அமைப்பை முதலில் செய்தவர்கள் ஒரே இடத்தில் வேலை பார்த்த சில பேர். அவர்களுக்குள் ஒரே மொழி. எட்டில் ஒரு பங்கை எப்படி எழுதுவது, தேதியில் எது முன்னால் வரும் என்ற பேச்சே அங்கே எழவில்லை. பிறகு அந்த இயந்திரங்கள் கடல் தாண்டி விற்கப்பட்டன. பாதி உலகம் எண்ணுக்கு நடுவில் புள்ளி வைக்கிறது, மீதி உலகம் கமா வைக்கிறது. எண்பதுகளில் குழு குழுவாக உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நிரல் எந்த ஊர்க்காரனாகவும் இருக்கவேண்டாம், தொடங்கும்போது 'என்னை எழுப்பியவர் எந்த ஊர் வழக்கம்?' என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். இதற்கு லோகேல் என்று பெயர், ஊர் வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத நிரலுக்கு அந்த முதல் ஆட்களின் பழைய வழக்கமே இருக்கும். அதற்கு நாட்டின் பெயர்கூடக் கிடையாது, 'C' என்ற ஒற்றை எழுத்துதான். என் நிரலும் அப்படி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த வினை வந்திருக்காது.

கேட்க வைத்தது யார் தெரியுமா? நினைவிருக்கிறதா, பிட்டருக்கு ஆங்கிலக் கிழமை படிக்க வரவில்லை, "கிழமையாவது நம்ம எழுத்துல வரட்டுமே, உனக்கு அது பெரிய விஷயமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் 'திங்கள்' என்று அச்சாகி வந்ததும் நீங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கிழமையையும் மாதத்தையும் மட்டும் கேள் என்று எழுதியிருக்கலாம். அப்படித் தனித்தனியாக எழுத வசதி இருக்கிறது. நான் சோம்பேறித்தனமாக 'எல்லாம்' என்று எழுதினேன். எந்த ஊர் வழக்கங்களைக் கணினியில் வைப்பது என்ற இடத்திலும் 'எல்லாம்' என்றே கொடுத்தேன். அதனால் எண்ணும் ஊர் வழக்கத்துக்குள் போய்விட்டது.

தொலைவிலிருந்து உள்ளே நுழையும்போது என் கணினி தன் ஊர் வழக்கத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. யாரும் சொல்லாமலே. போன வருடம்தான் இந்தக் கணினி வாங்கினேன், இந்த நாட்டு வழக்கத்தில். அதற்கு முன்னால் பத்துத் தடவை நுழைந்தபோது பழைய கணினி, நம் வழக்கம், ஒன்றும் ஆகவில்லை. அன்று என் நிரல் விழித்து, எந்த ஊர் என்று கேட்டது. என் கணினி இந்த ஊர் என்றது. இங்கே எண்ணுக்கு நடுவில் கமா. கோப்பிலோ புள்ளி. '0.8' என்று படிக்கப் போனது, புள்ளியைக் கண்டதும் எண் முடிந்துவிட்டது என்று நின்றுவிட்டது. கையில் மிஞ்சியது பூஜ்யம். மணிக்கான '0.2'உம் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் போகாதே, அதனால் மணி அடிக்கவே இல்லை. மின்சாரம் போய் வந்ததும் கணினி தானாக எழுந்தது, பழைய வழக்கம் திரும்பியது, எல்லாம் சரியாகிவிட்டது. தடயமாக மிச்சம் இருப்பது உங்கள் தாள் ஒன்றுதான்.

அந்தக் குழந்தையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. உங்களைக் குமிழைப் பற்றி விசாரிக்கச் சொன்னேனே, அதை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள் அண்ணி.

மார்ச் 21, செவ்வாய்

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்து முடித்ததும் உன்னைத் திட்டினேன், சத்தமாகவே. உன் அண்ணன் ஓடிவந்தார். அப்புறம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவர் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றார்.

ஒரு நிமிட வேலை என்று உள்ளே போய்த் தொடங்கினாயே, "முடிந்தது" என்று எழுதினாயே, கீழே நான் குழிக்குள் நிற்கிறேன், இருநூறு பேர் குடிக்கிறார்கள், உன் மருமகள் குடிக்கிறாள். ஒரு பார்வை பார்த்திருந்தால் என்ன?

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அதே கேள்வியை நீ என்னிடம் கேட்டாய், நான் உன் மேல் பாய்ந்தேன்.

நான் பார்க்கவில்லை, சோடா. சொட்டு மருந்து பாட்டில் மூன்று வாரமாகக் காலி. பொறியாளரிடம் இரண்டு தடவை சொன்னேன். "திரையில வருதுல்ல, அதையே எழுதுங்க" என்றார். மூன்று ஷிப்ட்டும் அதைத்தான் செய்தோம். அன்று திரையைக்கூடப் பார்க்கவில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழியிலிருந்து ஏறி வந்து, முந்தைய வரிகளில் இருந்த புள்ளி ஆறைப் பார்த்து நான்கு கட்டத்திலும் புள்ளி ஆறு, புள்ளி ஆறு என்று ஒரே மூச்சில் எழுதினேன். மணி அடிக்கவில்லையே, அடிக்காவிட்டால் எல்லாம் சரி என்றுதான் அர்த்தம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நீ செய்து கொடுத்த மணி என்பதால் அதன் மேல் அத்தனை நம்பிக்கை.

நேற்று மாலை பொறியாளர் வீட்டுக்கே வந்தார். உட்காரக்கூட இல்லை. "எனக்கு மயக்கம் வந்திடுச்சு, கை தவறிப் பட்டுடுச்சுன்னு எழுதிக் குடுங்கம்மா. கிளை அலுவலகத்துக்கு மாத்தி விட்டுர்றேன், வழக்கெல்லாம் வராம நான் பாத்துக்கிறேன். கம்ப்யூட்டர் கதையெல்லாம் இழுத்தீங்கன்னா உங்க நாத்தனார்தான் மாட்டுவாங்க" என்றார். அப்போது அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இன்று உன் கடிதத்தைப் படித்தபிறகு புரிகிறது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். எனக்கும் தெரியவில்லை. நீ சொன்னால் உன் வேலை போகும், அங்கே இருக்கவும் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் நான் தலை குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு எங்கேயாவது ஒரு கிளை அலுவலகத்தில் குப்பை கொட்டலாம். வீட்டில் ஒருத்தி தப்பித்தால் போதாதா என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது. அடுத்த நிமிடம் வாசலைப் பார்க்கிறேன். தையல்காரர் இன்று மறுபடி வந்து நின்றார். குழந்தை அப்படியே இருக்கிறதாம். அவர் முகத்தைப் பார்த்து மயக்கம் வந்தது என்று என்னால் சொல்ல முடியுமா?

நீ எதையும் அனுப்பாதே. நான் யோசித்துச் சொல்கிறேன்.

2023-03-22

அண்ணி,

அனுப்பிவிட்டேன். நீங்கள் யோசித்து முடிக்கும் வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

நேற்று மாலை விசாரணைக் குழுத் தலைவருக்கு நேரடியாகவே வாக்குமூலம் எழுதினேன். பொறியாளரின் செய்தி, என் பதில், நான் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கணினியின் பதிவில் அதே நேரமும் என் முகவரியும் இருக்கும், அதை யாரும் அழிக்குமுன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். அதே கணினியில் அதே கோப்பை வைத்து நான் செய்தது போலவே செய்து பார்த்தால் அதே பூஜ்யம் வரும் என்றும், அதை எப்படிச் செய்வது என்றும் எழுதியிருக்கிறேன்.

இன்று காலை என் மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். அவர் நல்லவர். திங்கள்கிழமையிலிருந்து வரவேண்டாம், சட்டப் பிரிவு முடிவு செய்யும் என்றார்.

பதிவேடு பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. அது உங்களுடையது. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

நேற்று நீங்கள் என்னைச் சோடா என்று கூப்பிட்டிருந்தீர்கள். கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

மார்ச் 24, வெள்ளி

சோடா,

கவனித்துத்தான் எழுதினேன். உன் சோடாபுட்டிக் கண்ணாடிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கு அகப்படவில்லை.

விசாரணை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நீளமான மேஜை, மூன்று பேர். குழாய்த் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் முன்னால் மூன்று பாட்டில் தண்ணீர். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பொறியாளர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் சார்பாக மயக்கக் கடிதம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

உன் வாக்குமூலம் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. தலைவர் அம்மா பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நாலு தடவையும் டெஸ்ட் பண்ணீங்களா?" என்றார். கதவோரத்தில் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் சார்பாக அவரை அனுமதித்திருந்தார்கள்.

"பண்ணலைங்க. மருந்தும் இல்ல, நான் பாக்கவும் இல்ல. சும்மா எழுதினேன்" என்று சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் சொல்லிவிட்டேன். பொறியாளர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். காரியம் முடிந்தது என்று நினைத்திருப்பார்.

தலைவர் அம்மா கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்தார். உன்னுடையது. ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். ஊர் வழக்கம், கமா, கிழமை, எல்லாம். நேற்றே அந்தக் கணினியில் ஆள் விட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். மூன்று தடவையும் பூஜ்யம். மூன்று தடவையும் மூலையில் அந்த வாயில் நுழையாத சொல். பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. மயக்கக் கடிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

முடிவு இது. என் மேல் போலீஸ் வழக்கு இல்லை. பதிவேட்டில் பொய் எழுதியதற்கு ஆறு மாதம் பணி இடைநீக்கம், அதன்பிறகு ஆய்வகம், ஷிப்ட் பொறுப்பு கிடையாது. அது எனக்கு உரியதுதான், நான் முறையிடப் போவதில்லை. பொறியாளரைப் பற்றித் தனி விசாரணை. உன்னைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. எழுதிக் கொடுத்தது போதாது, ஏப்ரல் பத்தாம் தேதி நேரில் வந்து பதில் சொல்லவேண்டும் என்று ஆணை. உனக்கும் தண்டனை வரும், சோடா. லேசாக வரும் என்று பொய் சொல்லமாட்டேன்.

வெளியே வந்தபோது தையல்காரர் படிக்கட்டில் நின்றிருந்தார். நான் நின்றேன். "டெஸ்ட் பண்ணலன்னு நீங்களாத்தான் சொன்னீங்களா, இல்ல அவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். "நானாத்தான் சொன்னேன்" என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறங்கினார். பிறகு, "நேத்து குழாய எடுத்துட்டாங்க. காலைல பால் குடிச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

உன் அண்ணன் உன் அறையில் இருந்த பழைய சாமான்களையெல்லாம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். உன் மருமகள் காலண்டரில் பத்தாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்பதாம் தேதியே வந்துவிடு. யாரும் வாசலில் நின்று வரவேற்க மாட்டோம். நாற்காலியும் போடமாட்டேன். வேண்டுமென்றால் நீயே இழுத்துப் போட்டு உட்கார்.

அண்ணி